உருண்டை சொன்ன பொய்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். மண்கல் பட்டறையில் அவர் பிடிக்காரர். வீட்டில் மனைவி ‘என்னங்க’ என்பாள். கோபம் வந்தால் அவளுக்கும் பிடிக்காரர்தான்.

பெயர் வந்த விதம் இதுதான். அந்தப் பட்டறையில் சூளை கிடையாது. சலித்த மண்ணில் கொஞ்சம் சிமெண்டைக் கலந்து, தண்ணீர் தெளித்துப் புரட்டி, இரும்பு அச்சில் போட்டு அழுத்தினால் கல் வெளியே வரும். ஏழு நாள் ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தால் சுவருக்கு ஆகும். கேட்பதற்கு எளிது. அத்தனை வம்பும் தண்ணீரில்தான். குறைந்தால் கல் பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. கூடினால் அச்சை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு கலவைக்கும் ஒருவர் ஒரு பிடி எடுத்து, உருண்டையாக அழுத்தி, நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் விட்டுப் பார்க்க வேண்டும். தூளாகச் சிதறினால் தண்ணீர் போதாது. சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பதினொரு வருஷமாக அதைச் செய்தவர் அவர்.

பட்டறைக்கு இன்ஜினியரம்மா வந்த புதிதில் இந்தக் கைக்கணக்கை நம்பவில்லை. ஒரு வாணலியும் அடுப்பும் வாங்கி வந்தார். ஈரமண்ணை எடைபோட்டு, வறுத்து, மறுபடி எடைபோட்டு, தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார். ஒரு மாதம் பார்த்தார். ஒவ்வொரு நாளும் வாணலி சொன்னதைப் பிடிக்காரரின் கை அதற்கு முன்பே சொல்லியிருந்தது. கடைசியில் வாணலி மூலைக்குப் போனது. யாரோ அதில் ஆணிகளைப் போட்டு வைத்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பிடிக்காரர் ஆணி வாணலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். தலைக்கனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

மனைவி பதினெட்டு வருஷம் நகரக் குப்பைக் கிடங்கில் பிளாஸ்டிக் பிரித்தவள். ஒரு உறையைக் கசக்கினால் வரும் சத்தத்தை வைத்தே அது எந்த ரகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். இன்ஜினியரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய உறைகளையும் கிழிந்த சாக்குகளையும் கழுவி, விரல்கணு நீளத்துக்கு நாராக வெட்டி மண்ணில் கலந்தால், காயும்போது கல் வெடிக்காது, மூலை பெயராது. குப்பைக்கும் ஒரு வழி பிறக்கும். மண் நூறு கிலோ என்றால் நார் கால் கிலோ, அவ்வளவுதான். கிடங்கிலிருந்து அவளையும் சேர்த்து ஆறு பெண்கள் வந்தார்கள். பட்டறையின் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, ஒரு வெட்டும் இயந்திரம், ஒரு சிமெண்ட் தொட்டி, காயவைக்க வலை எல்லாம் வந்தன. கொட்டகைக்குப் பொறுப்பு பிடிக்காரரின் மனைவி. இருபத்தாறு வருஷமாகக் காலையில் பிரிந்து சாயங்காலம் சேர்ந்த குடும்பத்துக்கு, இனி பகலிலும் சண்டை போட வசதி கிடைத்தது.

முதல் சண்டை முதல் நாளே வந்தது.

“நல்ல மண்ணுல போய் குப்பையைக் கலக்குறீங்களே, நியாயமா இது?” என்றார் அவர்.

“உங்க மண்ணு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? கடையில பெட்டி கட்டி வித்தாங்களா? யாரோ அஸ்திவாரம் தோண்டித் தூக்கிப்போட்டதுதானே.”

அவர் இருமினார். அதற்குப் பிறகு நாரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சொல்லப்போனால் உபகாரமாக ஒரு யோசனைகூடச் சொன்னார். ஈரமண்ணில் நாரைப் போட்டால் திரண்டு பந்தாகிவிடுகிறது. காய்ந்த மண்ணிலேயே கலந்துவிட்டு அப்புறம் தண்ணீர் விடலாம் என்றார். நல்ல யோசனை. எல்லாரும் தலையாட்டினார்கள். நார் பந்தாவது நின்றது. அன்றிலிருந்து அவர் கையில் எடுத்த ஒவ்வொரு பிடியிலும் நாரும் சேர்ந்தே வந்தது. அதில் என்ன ஆகிவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டியவர் அவர்தான்.

கொட்டகையில் தொட்டி வேலை ஒரு பெரிய அம்மாளுடையது. தொட்டிக்காரி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் உறைகளை முக்கி, தேய்த்து, அலசி, உதறி வலையில் போடுவாள். பிடிக்காரரின் மனைவிக்கு அவள் அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. கிடங்கில் பதினெட்டு வருஷம் ஒரே சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்ட அக்கா. கொட்டகைக்கு ஆள் எடுக்கும்போது, “அக்கா வந்தாத்தான் நான் வருவேன்” என்பதுதான் மனைவி முதலில் சொன்னது.

முதல் பெரிய வேலையாகக் குழந்தைகள் பள்ளி ஒன்றுக்கு இரண்டு வகுப்பறை வந்தது. நகர அலுவலகத்தில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: நார்க்கல் சோதனையில் தேறினால் நார்க்கல், தேறாவிட்டால் வெறும் மண்கல். பிடிக்காரருக்கு எதுவானாலும் வேலை உண்டு. கொட்டகையில் இருந்த ஆறு பேருக்கும் நார் போனால் வேலையும் போச்சு. மறுபடி கிடங்கு, மறுபடி ஈ.

சோதனை ஒரு சனிக்கிழமை நடந்தது. பன்னிரண்டு கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நசுக்கும் இயந்திரத்தில் வைப்பார்கள். இயந்திரத்தின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும்வரை கல் தாங்க வேண்டும். தண்ணீரிலிருந்து எடுக்கும்போதே நாலு கல்லின் மூலை கையோடு வந்துவிட்டது. இயந்திரத்தில் ஒன்பது கல் கோட்டுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டன.

இன்ஜினியரம்மா உடைந்த கல்லிலிருந்து ஒரு நாரை உருவி விரலில் தேய்த்தார். “வழவழன்னு இருக்கு. எண்ணெய்ப் பசை போகல போல. அதான் மண்ணு ஒட்டாம நிக்குது.”

நனைந்த பிளாஸ்டிக் எதுவானாலும் வழவழப்பாகத்தான் இருக்கும். அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை. எல்லாக் கண்ணும் கொட்டகைப் பக்கம் திரும்பியது.

“அண்ணா, தண்ணி சரியாத்தானே இருந்தது?” என்று பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்டார் இன்ஜினியரம்மா.

“எல்லா உருண்டையும் நாலாத்தான் உடைஞ்சது மேடம். ஒண்ணுகூடத் தப்பல.”

அது உண்மை. அவர் மனசாட்சிப்படி அதைவிட உண்மையான பேச்சு கிடையாது.

“இன்னும் ஒரு தடவை பாப்போம்கா,” என்று மனைவியிடம் சொன்னார் இன்ஜினியரம்மா. “நல்லாக் கழுவுங்க. திங்கக்கிழமை போடுற கல்லை எடுத்துக்கலாம். அதுவும் தேறலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு விடுமுறை இல்லாமல் போனது. வெட்டி வைத்திருந்த நாரையெல்லாம் சாக்கு சாக்காகத் தொட்டியில் கொட்டி, மூன்று முறை கழுவினார்கள்.

திங்கள் மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் கலந்த ஒரு கலவை, அச்சுக்காரர்கள் எழுந்து போய்விட்டதால் ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தது. பிடிக்காரர் முதலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். காய்ந்திருக்கும், இன்னும் ஒரு குவளை தண்ணீர் கேட்கும் என்று நினைத்துக்கொண்டே ஒரு பிடி எடுத்து விட்டுப் பார்த்தார். நாலு துண்டு. காலையில் எப்படி உடைந்ததோ அப்படியே.

வெயிலில் கிடந்த மண் அப்படி உடையக் கூடாது. குனிந்து ஒரு துண்டை எடுத்தார். துண்டின் விளிம்பிலிருந்து நார்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தார். அதோடு கொஞ்சம் மண்ணும் வந்தது. இன்னொரு பிடி எடுத்து, உட்கார்ந்து, அதிலிருந்த நாரையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, வெறும் மண்ணை உருட்டி விட்டார். பொத்தென்று விழுந்து தூளாகப் போனது.

மண் உருண்டையைத் துண்டாக நிறுத்தியது தண்ணீர் இல்லை, நார். இத்தனை நாளும் அவர் கை மண்ணைக் கேட்கவில்லை, பிளாஸ்டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. போட்ட கல் அத்தனையும் தண்ணீருக்கு ஏங்கிய கல். நாரில் எண்ணெய்ப் பசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அவர் நாலாபக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. தரையில் கிடந்த தூளைக் காலால் தள்ளிக் கலவையோடு சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் போட்ட கணக்கை ஒரேயடியாகக் கெட்ட கணக்கு என்று சொல்ல முடியாது. இனிமேல் நாரைப் பொறுக்கிவிட்டு உருட்டிப் பார்ப்போம், தண்ணீரைச் சரியாக விடுவோம். கல் தேறும். கொட்டகை பிழைக்கும். மனைவிக்கும் நல்ல பெயர், தனக்கும் உள்ள பெயர் போகாது. யாருக்கு என்ன நஷ்டம்? அன்று மதியம் கலவைக்கு ஒன்றரைக் குவளை கூடுதலாக விட்டார். அச்சுக்காரர் ஒருவர், “என்ன பிடிக்காரரே, இன்னைக்குத் தாராளமா இருக்கு?” என்று கேட்டதற்கு, “வெயில் ஜாஸ்தி” என்று மென்று விழுங்கினார். அந்தக் கல்லைத்தான் சோதனைக்குத் தனியாக எடுத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடினார்கள்.

நஷ்டம் புதன்கிழமை வந்தது.

மனைவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கழுவி வந்த உறைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்காரி அலசிப் போட்ட குவியலில் ஒரு உறையின் மடிப்பில் கடுகளவு பழுப்பு இருந்தது. எண்ணெயோ, துருவோ, அச்சு மையோ, யாருக்குத் தெரியும்? தேடுகிறவளுக்குக் கிடைத்துவிட்டது.

“அக்கா, இது என்ன?”

தொட்டிக்காரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா.”

“அதாங்க்கா. உங்களுக்குத் தெரியல. உங்க கண்ணை நம்பி இன்னும் அஞ்சு பேர் வயிறு இருக்கு. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. நானே கழுவிக்கிறேன்.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கொட்டகையில் எல்லாருக்கும் கேட்டது. தொட்டிக்காரி கையைத் துடைத்தாள், மேலே கட்டியிருந்த ரப்பர் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கலவை மேடை வழியாகத்தான் வெளியே போனாள். பிடிக்காரர் கையில் அப்போது ஒரு உருண்டை இருந்தது. “வர்றேன் தம்பி,” என்றாள். அவர் தலையாட்டினார். அவள் கேட்டைத் தாண்டிய பிறகு உருண்டையைக் கீழே விட்டார். சரியாக உடைந்தது.

சோதனை முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கல் தேறிவிட்டால், ‘அதான் எல்லாம் சரியாயிடுச்சே, அக்காவைக் கூப்பிட்டுக்கோ’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். கோழை என்றுதான் இதற்குப் பெயர். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையின் பக்கம் போகாமல் இருந்தார்.

அதற்கடுத்த நாட்களில் மனைவி தொட்டியை விட்டு நகரவில்லை. சோடாத் தண்ணீர் பழகாத கை. மூன்றாம் நாளே விரல் இடுக்குகள் வெடித்துவிட்டன. சாயங்காலம் வீட்டில் அவளால் பாத்திரத்தைப் பிடிக்க முடியவில்லை. அவர் சமைத்தார், அவர் கழுவினார். அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் இவ்வளவு பதவிசாக இருந்ததில்லை.

“என்னங்க, திடீர்னு பாசம் பொங்குது?” என்றாள்.

“சும்மாதான்.”

“அக்காவுக்கு இந்த வயசுல எப்படித்தான் கை தாங்குச்சோ.” வெடித்த விரல்களை விரித்துப் பார்த்தாள். “நான் செஞ்சது தப்பாங்க?”

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைப்பதற்காக எழுந்து போனார். கிண்ணம் வைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

திங்கள் போட்ட கல் ஏழு நாள் சாக்குக்குள் கிடந்து, ஒரு நாள் தண்ணீரில் கிடந்து, அடுத்த வாரம் புதன்கிழமை இயந்திரத்துக்கு வந்தது. பட்டறை முழுக்கச் சுற்றி நின்றது. முதல் கல்லில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டில் பதினொன்று தேறியது. பன்னிரண்டாவதும் கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் உடைந்தது. அச்சுக்காரர்கள் விசில் அடித்தார்கள். கொட்டகைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“விஷயம் கழுவினதுலதான் இருந்திருக்கு அக்கா,” என்றார் இன்ஜினியரம்மா. “இனிமே இப்படியே கழுவுங்க, போதும்.”

மனைவி சிரித்தாள். பிறகு பிடிக்காரர் பக்கத்தில் வந்து, காதோடு சொன்னாள்: “ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லைங்க. அநியாயமா அனுப்பிட்டேனோன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்பத்தான் நிம்மதி. தப்பு அக்கா மேலதான்.”

அவள் முகத்தில் உண்மையிலேயே நிம்மதி தெரிந்தது. பிடிக்காரரால் தாங்க முடியாமல் போனது அதுதான். அவள் வருத்தப்பட்டபோதெல்லாம் சும்மா இருந்துவிட முடிந்தது. இந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ‘அக்காவைக் கூப்பிட்டுக்கோ’ என்று சொல்லவும் இனி வழியில்லை. கல் தேறியதே அக்காவின் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

“மேடம், ஒரு நிமிஷம்.”

கலவை மேடையில் நார் போட்ட காய்ந்த மண் ஒரு குவியல் இருந்தது. அதற்குப் பாதித் தண்ணீர் மட்டும் தெளித்துப் புரட்டினார். ஒரு பிடி எடுத்து உருட்டி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நெஞ்சு உயரத்தில் நீட்டி விட்டார். நாலு துண்டு. பிறகு உட்கார்ந்து இன்னொரு பிடியிலிருந்து நாரைப் பொறுக்கத் தொடங்கினார். அவசரப்படாமல் கடைசி நார் வரை எடுத்தார். எல்லாரும் எதற்கு என்று புரியாமல் நின்றார்கள். எழுந்து, வெறும் மண் உருண்டையை விட்டார். தூள்.

இன்ஜினியரம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “தண்ணி பத்தல,” என்றார் மெதுவாக. “நாருதான் பிடிச்சு வச்சிருக்கு. முதல் தடவை போட்ட கல்லெல்லாம்...”

“ஆமா மேடம். தண்ணி கொறைச்சல். என் கை ஏமாந்துபோச்சு. இந்தத் தடவை நான்தான் தண்ணியைக் கூட்டி விட்டேன். கழுவினதுல ஒண்ணும் இல்ல.”

இன்ஜினியரம்மா திட்டவில்லை. மூலைக்குப் போய், ஆணிகளைத் தரையில் கொட்டிவிட்டு, வாணலியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். “நாளையிலிருந்து ஒவ்வொரு கலவைக்கும் இதுல வறுத்துப் பாத்துட்டு அச்சுக்குப் போங்கண்ணா.” அச்சுக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். வேறொரு நாளாக இருந்தால் பிடிக்காரர் அதற்காக ஒரு மாதம் அவரோடு பேசியிருக்க மாட்டார். அன்று அது காதிலேயே விழவில்லை. அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?” என்றாள் அவள்.

“போன வாரம் திங்கக்கிழமை. மத்தியானம்.”

அவள் விரலை மடக்கினாள். வெடித்த விரல் சரியாக மடங்கவில்லை. “ஒம்பது நாளு.”

“ம்.”

“அக்காவை நான் அனுப்பினது புதன். அப்பவே தெரியும்.”

“ம்.”

“பாத்துக்கிட்டுத்தான் நின்னீங்க.”

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். அவள் கத்தினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். அவள் கத்தவில்லை. ஆணியில் ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் துணியை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். “வாங்க,” என்றாள். பிடிக்காரர் என்றுகூடச் சொல்லவில்லை.

தொட்டிக்காரியின் வீடு கிடங்குக்குப் பின்னால், ஒரு பக்கம் சுவரும் ஒரு பக்கம் சாக்கடையுமாகப் போகும் சந்தில், கடைசிக்கு முந்தின கதவு. போகிற வழியில் அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமி, இரண்டு தடவையும் விட்டுவிட்டார். கதவைத் தட்டியதும் தொட்டிக்காரியே திறந்தாள். உள்ளே ஒரு கொடியில், பட்டறையில் உதறிப் போடுகிற மாதிரியே, பால் உறைகளாக ஏழெட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது.

“சொல்லுங்க,” என்றாள் அவரிடம். “கையைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க.”

அவர் சொன்னார். வெயிலில் கிடந்த கலவையிலிருந்து ஆரம்பித்து, காலால் தள்ளிய தூள், ஒன்றரைக் குவளை, கையில் உருண்டையோடு தலையாட்டியது எல்லாவற்றையும் விடாமல் சொன்னார். தொட்டிக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் கொடியில் இருந்த ஒரு உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“என் கண்ணுக்குத் தெரியாம என்ன அழுக்கு நிக்குதுன்னு தினம் ஒண்ணு கழுவி கழுவிப் பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி. கண்டுபிடிக்கவே முடியல. அப்போ நான் கழுவினது சுத்தமாத்தான் இருந்துச்சா?”

“சுத்தமாத்தான் இருந்துச்சுக்கா.”

பக்கத்து வீட்டில் யாரோ வாசலுக்கு வந்து நின்றார்கள். தொட்டிக்காரி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.”

பிடிக்காரர் சத்தமாகச் சொன்னார்.